கடலூர்–புதுச்சேரி ஆன்மிக இசை வானொலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள ஊர்களுக்காக ஓர் ஆன்மிக இசை வானொலியின் பாடல் அமைப்பை, அதாவது எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்ற ஒழுங்கை, நாங்கள் சிலர் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். முதலில் இணையத்தில் ஒலிபரப்பு. அப்புறம், உரிமம் பெற்ற சமுதாய வானொலி ஏதேனும் இடம் கொடுத்தால் காலையும் மாலையும் எஃப்.எம். அலைவரிசையில். இதைக் கேள்விப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். இதேபோல் தங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

பக்திப் பாட்டு கேட்க யூடியூப் இருக்கிறது, கோயில் ஒலிபெருக்கி இருக்கிறது. புதிதாக ஒரு வானொலி எதற்கு?

பாட்டுக்குப் பஞ்சமில்லை, உண்மைதான். ஆனால் நம் காதில் விழுவது பெரும்பாலும் அதே முப்பது நாற்பது பாடல்கள், எல்லா நேரத்திலும் ஒரே சத்தத்தில். விடியற்காலைக்கு ஒரு பாட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வேறொரு பாட்டு என்ற பழக்கமே மங்கிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியதாகப் பெரியபுராணம் சொல்லும் இடம் நம் திருப்பாதிரிப்புலியூர். கரையேறவிட்டகுப்பம் என்று ஊர்ப்பெயரே இருக்கிறது. சூலை நோய் (கடும் வயிற்றுவலி) தீர அவர் முதல் பதிகம் பாடியது பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகையில். வேதாந்த தேசிகர் பல்லாண்டு தங்கிப் பாடிய திருவஹீந்திரபுரம் கடலூரிலிருந்து எட்டும் தூரம். வள்ளலார் 1867-ல் தருமச்சாலையும் 1872-ல் ஞானசபையும் அமைத்தது வடலூரில். பாரதி 1908 முதல் 1918 வரை இருந்து எழுதியது புதுச்சேரியில். இவ்வளவும் பாடப்பட்ட மண்ணில், இந்த ஊர்க்காரர் குரலிலேயே அந்தப் பாட்டைக் கேட்க இன்று வழியில்லை. எங்களை இதில் இறக்கியது இந்தக் குறைதான்.

யார் கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஐந்து மணிக்கு அடுப்பு பற்ற வைப்பவர். தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் கடலுக்குப் போகிறவர்கள். நெய்வேலியில் இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறவர். பிள்ளைகள் வெளியூர் போய்விட, வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ ஒழுங்காகப் போகாவிட்டாலும், ஒரு நாளில் கொஞ்ச நேரம் மனசு அடங்கி இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களும் இதில் சேர்த்தி. அவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் பேர் இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு மதத்துக்கான வானொலியா?

இல்லை. இந்தப் பகுதியில் அப்படி ஒன்றை நடத்தினால் அது இந்தப் பகுதியின் வானொலியாகவே இருக்காது. வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயில் தேரும் லூர்து மாதா திருவிழாவும் ஒரே ஊரின் விசேஷங்கள். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக் கடலுக்கு வரும்போது, வழியில் இஸ்லாமியர்கள் மரியாதை செய்து வரவேற்கிறார்கள். ஆகாஷ்வாணியின் தமிழ் நிலையங்கள் காலைப் பக்திப் பாடல்களில் மூன்று சமயப் பாடல்களையும் அடுத்தடுத்து வைத்து நம் காதை எப்போதோ பழக்கிவிட்டன. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 19-ஆம் நூற்றாண்டிலேயே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எழுதினார். அவை இன்று மேடையில் அரிதாகத்தான் ஒலிக்கின்றன. நமக்கோ அவை பெரும் சொத்து.

ஆனால் ‘இதில் ஒன்று, அதில் ஒன்று’ என்று பங்கு பிரித்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்பவருக்கு அது அரசு விழா மேடையாகத் தெரியும். பாட்டின் மனநிலை பொருந்த வேண்டும். கசிந்து உருகுகிற தேவாரத்துக்குப் பிறகு தவக்காலத்தில் பாடும் ஒப்பாரிப் பாடல் வந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதே இடத்தில் கைத்தட்டலோடு துள்ளும் பாட்டு வந்தால், அது எந்தச் சமயத்துப் பாட்டானாலும் மனசு கலைந்துவிடும். சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களையும் சித்தர் பாடல்களையும் ஒரே அரை மணியில் வைத்துப் பாருங்கள், இரண்டும் எவ்வளவு நெருங்கியவை என்று புரியும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. குர்ஆன் ஓதுதல், விவிலிய வாசிப்பு, வேத பாராயணம் ஆகியவற்றின் அடியில் பின்னணி இசை போட மாட்டோம். ஓதுவது ஓதுவதாகவே இருக்கும்.

ஒரு நாளின் பாடல்களை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

இதற்கான வழியைப் பெரியவர்களே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தேவாரப் பண்களை (பண் என்பது ராகத்துக்குப் பழைய தமிழ்ப் பெயர்) பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரிக்கும் மரபு உண்டு. புறநீர்மை பகற்பண், இன்று அதைப் பூபாளத்தில் பாடுவார்கள். மேகராகக்குறிஞ்சி இராப்பண், இன்றைய நீலாம்பரி. தாலாட்டுக்கும் அதே ராகம் என்பதால் இரவு ஒன்பது மணிக்குமேல் அதற்கு என்ன வேலை என்று விளக்க வேண்டியதில்லை.

நாலரை மணிக்குத் தொடங்கி ஆறு வரை தனிக்குரல் மட்டும். தாள வாத்தியம் இல்லை, பேச்சும் ஏறக்குறைய இல்லை. ஆறிலிருந்து எட்டு வரை வீடு பரபரப்பாக இருக்கும் நேரம். பஜனை கோஷ்டி, கீர்த்தனை, தேவாலயப் பாடகர் குழு என்று பலர் சேர்ந்து பாடுவது அப்போது நன்றாக எடுபடும். மதியம் நாகஸ்வரம், வீணை, புல்லாங்குழல்.

மிகவும் கவனம் தேவைப்படுவது மாலை ஆறிலிருந்து ஏழு. வீட்டில் விளக்கேற்றுவது, தேவாலய மணி, மஃரிப் பாங்கு (அந்தித் தொழுகை அழைப்பு) மூன்றும் பெரும்பாலான மாதங்களில் அந்த ஒரு மணிக்குள் வந்துவிடும். அப்போது வானொலி அடக்கமாக இருப்பதுதான் மரியாதை. ஒரு சில பாடல்களே வரும், இடையில் அறிவிப்பு வராது.

பருவமும் சேரும். மார்கழி முப்பது நாளும் திருப்பாவையில் நாளுக்கு ஒரு பாசுரம். திருவெம்பாவை இருபதும் திருப்பள்ளியெழுச்சி பத்தும் சேர்ந்தால் அதுவும் முப்பது ஆகிவிடும். தைப்பூசத்தை ஒட்டி வடலூர்ப் பாடல்கள். பெரிய வெள்ளியன்று நாள் முழுக்க வாத்தியமே இல்லாமல் குரல் மட்டும். நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்கு (நோன்பு தொடங்கும் முன் விடியலில் உண்ணும் நேரம்), பக்கீர்கள் தாயிரா என்னும் கைப்பறையைத் தட்டிப் பாடி எழுப்பும் பழைய பாடல்களைப் பதிவு செய்து வைக்க ஆசை. பரங்கிப்பேட்டை, காரைக்கால் பக்கம் அந்தப் பாடல்கள் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஒரே பாட்டு எத்தனை தடவை வரும்?

சினிமாப் பாட்டு நிலையங்களில் புதிய வெற்றிப் பாடல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். நமக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஆனால் ஆன்மிகப் பாட்டு கேட்பவர் திரும்பக் கேட்பதை வெறுப்பவரும் அல்ல. பாராயணம் என்பதே திரும்பச் சொல்வதுதானே. எந்த நேரத்தில் திரும்ப வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதனால் இப்படி வைத்திருக்கிறோம்: காலை ஐந்தரைக்கு ஒரு வாரம் முழுக்க ஒரே பதிகம். பதிகத்துக்குப் பத்து, பதினொரு பாட்டு. திங்களன்று கேட்பார்கள், புதனன்று கூடவே முணுமுணுப்பார்கள், ஞாயிறுக்குள் பாதியாவது வாயில் வந்துவிடும். வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவல் 1,596 அடிகள். ஒரே மூச்சில் ஒலிபரப்ப முடியாது என்பதால் தினமும் ஒரு பகுதியாக, அதற்கென்று குறித்த நேரத்தில். மற்றப் பாடல்கள் ஒரு வாரத்துக்குள் அதே நேரத்தில் திரும்ப வராது.

மணிக்கு எட்டு, ஒன்பது பாடலுக்குமேல் வைப்பதில்லை. பாட்டு முழுசாக ஒலிக்க வேண்டும். நேரம் போதவில்லை என்று சரணத்தை வெட்டுவது எங்களிடம் கிடையாது.

பாட்டுக்குப் பாட்டு எப்படிக் கோர்க்கிறீர்கள்? ஏதாவது மென்பொருள் உண்டா?

ரேடியோடிஜே, லிப்ரடைம், மிக்ஸ் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எதை எடுத்தாலும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, தானாகப் பாட்டை இணைக்கும் வசதி. ஒலி ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் பாட்டு முடிந்துவிட்டது என்று மென்பொருள் எடுத்துக்கொண்டு அடுத்ததைத் தொடங்கிவிடும். சினிமாப் பாட்டுக்கு அது சரி. தாளமில்லாமல் பாடும் விருத்தத்தில் கடைசி வரியை இழுத்து, குரலைத் தணித்து, ஈசன் பெயரை ஏறக்குறைய மூச்சாகவே விடுவார்கள். அந்த இடத்தில் அடுத்த பாட்டின் மிருதங்கம் வந்து விழும்! ஆகவே விருத்தம், பதிகம், பாசுரம் எல்லாவற்றுக்கும் முடிவுப் புள்ளியை ஆள் உட்கார்ந்து கேட்டுக் கையால் வைக்க வேண்டும். முடிந்தபின் இரண்டு மூன்று விநாடி வெறுமையாக விடுங்கள், ஒன்றும் ஆகாது.

இரண்டாவது, சுருதி. இதை மென்பொருளிடம் விட்டுவிடாமல் நாமே கேட்டுப் பார்க்க வேண்டும். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. ஒன்றரைக் கட்டையில் ஒரு பாட்டு முடிந்து, அடுத்தது இரண்டு கட்டையில் தொடங்கினால் காது உறுத்தும். அரை ஸ்வர வித்தியாசம் என்றாலும் பாட்டே தெரியாதவருக்குக்கூட ஏதோ சரியில்லை என்று படும். ஒரு கட்டையில் ஆண்குரல் முடிந்து ஐந்து கட்டையில் பெண்குரல் தொடங்கினால் சட்ஜமும் பஞ்சமமுமாக (ஸ, ப என்று இயல்பாகச் சேரும் ஸ்வரங்களாக) உட்கார்ந்துவிடும். எங்கள் பட்டியலில் பாட்டுப் பெயருக்குப் பக்கத்திலேயே கட்டையை எழுதி வைக்கிறோம்.

ஒலி அளவை நெருக்கிச் சமப்படுத்தும் கருவியையும் குறைவாகவே பயன்படுத்த வேண்டும். அதிகம் திருகினால், பாடுபவர் நிறுத்துகிற இடைவெளியில் தம்புரா மேலேறி இரையும். குரல் வந்ததும் பதுங்கும். ஐந்து நிமிடத்தில் கேட்பவருக்குத் தலை வலிக்கும்.

உள்ளூர்க் குரல்களை எங்கே, எப்படிப் பதிவு செய்கிறீர்கள்?

பெரும்பாலும் அந்தந்த இடத்திலேயே. ஓதுவார் என்றால் நடை சாத்தியிருக்கும் மதிய வேளையில், நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு. கல் மண்டபத்தில் எதிரொலி அதிகம். மைக்கைத் தள்ளி வைத்தால் சொல் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் சொல்லும் தெளியும், மண்டபமும் லேசாகக் கேட்கும். மின்விசிறியை அணைக்கச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் இதைக் கேட்கவே சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேட்டாக வேண்டும். பாடத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் சுருதிப்பெட்டியை மட்டும் ஓடவிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு இருமலையோ மணிச் சத்தத்தையோ வெட்டினால் அந்த இடத்தை ஒட்டுப் போட அதுதான் கைகொடுக்கும்.

நாகஸ்வரம் திறந்தவெளி வாத்தியம். சின்ன அறைக்குள் உட்கார வைத்தால் தவிலின் அடியில் பதிவு முழுக்கச் சிதறிவிடும். வெளிப் பிரகாரமோ வேப்பமரத்தடியோ தேடுங்கள், மைக் பத்தடி தள்ளியே இருக்கட்டும்.

பெரிய வித்வான்கள்தான் வேண்டும் என்றில்லை. அகவல் பாராயணம் செய்யும் பெண்கள் குழு, மார்கழி பஜனைக்காரர்கள், குப்பத்தில் கடலம்மாவை வேண்டிப் பாடும் பாட்டிகள், ஞாயிறு வழிபாட்டில் பாடும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் எங்களுக்கு வேண்டும். பாடியவருக்குப் பணம் கொடுக்கிறோம். ‘புண்ணியக் காரியம்’ என்று சொல்லி ஓதுவாரிடமும் நாகஸ்வரக் கலைஞரிடமும் இலவசமாகப் பாடச் சொல்லும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அது கூடவே கூடாது.

பழைய கேசட், இசைத்தட்டுப் பாடல்களை அப்படியே ஒலிபரப்பலாமா? சாமி பாட்டுக்கும் காப்புரிமை உண்டா?

உண்டு. எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது, ஆகவே நின்று பார்ப்போம்.

பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. தேவாரமும் பிரபந்தமும் யாருக்கும் சொந்தமல்ல, எல்லாருக்கும் சொந்தம். ஆனால் 1985-ல் ஒரு நிறுவனம் அதே தேவாரத்தைப் பாடவைத்து கேசட்டாக வெளியிட்டிருந்தால், அந்தப் பதிவுக்கு உரிமையாளர் உண்டு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை. பாட்டுக்கும் மெட்டுக்கும், இயற்றியவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1874-ல் சித்தியடைந்த வள்ளலாரின் பாடல்களைத் தாராளமாகப் புதிதாகப் பாடிப் பதிவு செய்யலாம். பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார். அவர் கீர்த்தனைகளுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. அனுமதி வாங்கிப் பாட வேண்டும்.

வானொலி நிலையங்களுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவில், நிர்ணயித்த கட்டணத்தைச் செலுத்தி வெளியான பாடல்களை ஒலிபரப்ப வழி இருக்கிறது. அது வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும்தான், இணையத்துக்குப் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. அதனால் இணைய வானொலி நடத்துபவர் உரிமையாளர்களின் அனுமதியைத் தனியாக வாங்கியாக வேண்டும்.

நாங்கள் எடுத்த வழி: பழைய பாடல், புதிய உள்ளூர்ப் பதிவு. பாடியவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைத்துவிடுகிறோம். வழக்கு வம்பு இல்லை. ஊரின் குரலும் சேமிப்பாகிறது.

ஒரு கோயிலோ மடமோ ஆசிரமமோ நேரடியாக எஃப்.எம். உரிமம் வாங்க முடியாதா?

தனியார் எஃப்.எம். ஏலத்தில் மத அமைப்புகள் கலந்துகொள்ள முடியாது. சமுதாய வானொலி உரிமம் கல்வி நிறுவனங்களுக்கும், லாப நோக்கில்லாமல் குறைந்தது மூன்று ஆண்டு அந்தப் பகுதியில் தொண்டு செய்த அமைப்புகளுக்கும் கிடைக்கும். புதுவைப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி அப்படிப்பட்ட நிலையம். கதிர்வீச்சுத் திறன் (அலை பரப்பும் சக்தி) பொதுவாக 100 வாட்டுக்குள் இருக்க வேண்டும், ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும். மத நிகழ்ச்சிகள் மக்களின் மத உணர்வைச் சுரண்டுவதாகவோ வேறு நம்பிக்கையைப் புண்படுத்துவதாகவோ இருக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. நல்ல விதி.

இதனால்தான் தனி நிலையம் கேட்காமல், இருக்கிற நிலையத்தில் காலை மாலை நேரம் கேட்கிறோம்.

சினிமா பக்திப் பாடல்கள்?

வாரத்துக்கு ஒருநாள், ஞாயிறு முற்பகல், நேயர் விருப்பமாக. அதற்குமேல் வேண்டாம், மற்ற நிலையங்களில் அவை நிறையவே கிடைக்கின்றன.

அறிவிப்பாளர் பேசுவாரா?

பேசுவார், குறைவாக. பாடல், பாடியவர், ஊர், பண் அல்லது ராகம். வேண்டுமானால் அர்த்தம் இரண்டு வரி. ‘வணக்கம் மக்களே’ என்ற கூச்சல் கிடையாது. பிரசங்க பாணியும் கிடையாது. கேட்பவரை ‘நீங்கள்’ என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில் பேசினால் போதும். அதிகாலையில் பேசுபவர் எழுந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். தூக்கக் குரல் மைக்கில் அப்படியே தெரியும்.

சொற்பொழிவு, ராசிபலன், பரிகாரம்?

சொற்பொழிவு பத்து நிமிடத்துக்குள் என்றால் சரி. ராசிபலன் இல்லை. பரிகாரம், தாயத்து, நோய் தீர்க்கும் மந்திரத் தகடு போன்ற விளம்பரங்களை எவ்வளவு பணம் தந்தாலும் எடுக்க மாட்டோம். மந்திர முறையில் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் பதில் மாறாது. கஷ்டத்தில் இருப்பவர்தான் விடியற்காலையில் இப்படி ஒரு வானொலியைத் திருப்புகிறார், அவரிடம் போய் ஏமாற்று வியாபாரம் செய்யலாமா?

பிறகு பணத்துக்கு என்ன வழி?

சமுதாய வானொலிகள் மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் செய்யலாம் என்று 2024-ல் விதி தளர்ந்திருக்கிறது. அதில் கால்வாசி கூட வேண்டாம் என்றுதான் நினைக்கிறோம். உள்ளூர்க் கடைகள், மரச்செக்கு எண்ணெய், பாத்திரக் கடை, புத்தகக் கடை. ஆறிலிருந்து ஏழு வரை விளம்பரமே இல்லை. ‘இன்றைய பதிகத்தை வழங்குபவர், அம்மாவின் நினைவாக இன்னார்’ என்ற வகை நன்கொடைக்கு நிறையப் பேர் ஆர்வம் காட்டுகிறார்கள்.

இணையத்தில் கேட்டால் டேட்டா நிறையச் செலவாகுமா?

64 கிலோபிட் வேகத்தில் அனுப்புகிறோம். மணிக்கு ஏறக்குறைய 29 எம்.பி. தான்.

புயல், வெள்ளம் வந்தாலும் பாட்டுதான் போடுவீர்களா?

மாட்டோம். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் என்று எல்லாவற்றையும் பார்த்த கரை இது. தானேவுக்குப் பிறகு பல ஊர்களில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. பேட்டரி ரேடியோவின் அருமை அப்போது தெரிந்தது. செல்போன் கோபுரம் நின்றுவிட்டால் இணைய வானொலியும் நின்றுவிடும். எஃப்.எம். நேரம் வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் காரணம். எச்சரிக்கை வந்ததும் பாடல் அமைப்பு முழுவதும் நிறுத்தப்படும். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு, மீனவர்களுக்கான செய்தி, முகாம் விவரம், இவை மட்டும். இரவில் நடுநடுவே தெரிந்த ஒரு குரல் பாடினால் தெம்பாக இருக்கும் என்று குப்பத்துப் பெண்கள் கேட்டார்கள். அதை மட்டும் சேர்த்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டுப் பெரியவர் பாடும் பழைய பாட்டு இருக்கிறது. அனுப்பலாமா?

கட்டாயம். செல்போனிலேயே பதிவு செய்யலாம். டிவி, விசிறி, மிக்ஸி எல்லாம் நிற்கட்டும். போனைக் கையில் பிடிக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள். தப்பு விட்டால் நிறுத்த வேண்டாம், முழுசாகப் பாடட்டும். பாடி முடித்ததும் அந்தப் பாட்டை யாரிடம் கற்றார், எப்போது பாடுவார்கள் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் தரம் குறையும். ஃபைலாக, அதாவது டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஒலிபரப்பச் சம்மதம் என்றும், பெயர் சொல்லலாமா வேண்டாமா என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.